இடது பக்கத்து விளக்குகள்

வாசல் கேட்டின் இடது தூணை வேன் மறுபடியும் உரசியபோது, குற்றம் தூணுடையது என்றே தீர்ப்புச் சொன்னேன். ராத்திரியோடு ராத்திரியாக ஓரடி நகர்ந்து வந்து நின்றிருக்கிறது, வேறென்ன?

பக்கத்து இருக்கையிலிருந்து இறங்கிய என் மனைவி கீறலைத் தடவிப் பார்த்தாள்.

"ஏங்க, ஊர்ல உள்ளவங்க கண்ணையெல்லாம் பார்த்தாச்சு. உங்க கண்ணை யாரு பார்த்தா?"

"என் கண்ணுக்கென்ன? எதிர் மலையில எறும்பு கொட்டாவி விட்டாக்கூடத் தெரியும்."

"எதிர்ல இருக்கறது தெரியும். பக்கத்துல நான் இருக்கறதுதான் தெரியல."

கண் டாக்டர் வேலையிலிருந்து ஓய்வு பெற்றும் வாரம் ஒருநாள் மருத்துவமனை வேனை நானே ஓட்டிக்கொண்டு, ஆஸ்பத்திரியே இல்லாத ஊர்களுக்குப் போய்வருகிறேன். அதுவும் போய்விட்டால் நான் வீட்டில் உட்கார்ந்து மனைவிக்குச் சமையல் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்துவிடுவேன், இருவருக்குமே ஆபத்து. அதனால்தான் பரிசோதனை என்றதும் நாளை, நாளை மறுநாள் என்று நழுவப் பார்த்தேன்.

கிளாக்கோமா வலிக்காது, சிவக்காது. கண்ணில் அழுத்தம் ஏறி, ஓரத்திலிருந்து பார்வையை மென்று தின்றுகொண்டே வரும். அதைக் கண்டுபிடிக்கும் இயந்திரம் அலமாரி அளவு இருந்த காலத்தில், சூட்கேஸ் அளவில் ஒரு பெட்டி செய்வதுதான் என் ஆராய்ச்சி. கழுதையே யோசிக்கும் பாதைகளில் அதைத் தூக்கிக்கொண்டு அலைந்தேன். முகவாயைத் தாங்கியில் வைத்து, நடுப்புள்ளியைப் பார்க்க வேண்டும். ஓரத்தில் விளக்கு மினுக்கினால் பொத்தானை அழுத்த வேண்டும். செலவு குறைய, விளக்குகள் எப்போதும் ஒரே வரிசையில் எரியும்படி செய்திருந்தேன். வருகிறவர்கள் ஒருமுறை உட்காரப் போகிறார்கள், யார் மனப்பாடம் செய்வது?

என்னிடம் வேலை பழகிய சின்ன டாக்டர் அந்தப் பெட்டியில்தான் என்னை உட்கார வைத்தாள். டக், டக், டக். ஒரு விளக்கைக்கூட விடவில்லை.

"பார்த்தியா? கழுகு!" என்றேன் மனைவியிடம்.

சின்ன டாக்டர் சிரிக்கவில்லை. ஏதோ வயரைச் சரிசெய்ய வேண்டும் என்று பெட்டிக்குப் பின்னால் போய் வந்து, இன்னொரு தடவை பார்த்துடலாமா சார் என்றாள். மறுபடி டக், டக். மறுபடி கழுகு.

"சார்... இடது பக்கத்து விளக்கு எல்லாத்தையும் கழட்டி வச்சிருந்தேன். ஒண்ணுமே எரியல."

"இல்லம்மா. சத்தியமா தெரிஞ்சுது."

"ஏமாத்திட்டாரா?" என்று மனைவி கேட்டாள். சின்ன டாக்டர் என் முகத்தையே பார்த்தபடி இல்லை என்று தலையாட்டினாள்.

ஏமாற்றவில்லை. அதுதான் வேடிக்கை. எரியாத விளக்குகள் எனக்கு மினுமினுவென்று எரிந்தன. பார்வை போன இடத்தில் இருட்டு தெரியாது, மூளை ஏதாவது வரைந்து நிரப்பிவிடும் என்று எத்தனை மேடைகளில் முழங்கியிருப்பேன்! என் மூளை கைதேர்ந்த ஓவியனாக இருந்திருக்கிறது. முதலில் ஒரு பயம் முதுகில் ஊர்ந்தது. அப்புறம் சிரிப்பு வந்துவிட்டது. அடக்க முடியாமல் சிரித்தேன். உலகத்திலேயே அந்தப் பெட்டியை ஏமாற்றக்கூடிய ஒரே ஆசாமி, விளக்கு வரிசை மனப்பாடமாகிப்போன நான்தான், அதைச் செய்தவன்.

புது இயந்திரத்தில் பார்த்தபோது இடது ஓரம் கணிசமாகப் போயிருந்தது. நடுப்பார்வை பத்திரம். போனது திரும்பாது, சொட்டு மருந்து தவறாமல் விட்டால் இருப்பதைக் காப்பாற்றலாம். வேன் சாவியை மனைவி பிடுங்கிக்கொண்டாள். அன்றிரவு சொட்டு விடும்போது நான் நெளிந்த நெளிவைப் பார்த்து, "கொழந்தைங்ககூட சும்மா படுத்துக்கும்" என்று என் நெற்றியை அமுக்கிப் பிடித்தாள்.

"ஊர்களுக்கு இனி யாரு போறது?"

"நீங்கதான். கண்ணு பார்க்க ஸ்டியரிங் எதுக்கு?"

அடுத்த வாரம் அவளே ஓட்டினாள். ஓணான் ஒன்று எங்களை முந்திச் சென்றது. பின்னால் வந்த லாரிக்காரன் தாடி வளர்த்துவிட்டான். எனக்கோ வேலை இல்லை. சின்ன டாக்டர் சொன்னபடி தலையை இடப்பக்கம் முழுசாகத் திருப்பிப் பழகிக்கொண்டிருந்தேன். சாலையை ஒட்டி, வெயிலில் தகதகவென்று, கரை தெரியாத தண்ணீர்.

"அடடே! இந்த ஏரியை எப்ப வெட்டினாங்க?"

"நீங்க பொறக்கறதுக்கு முன்னாடி."

நாரைக் கூட்டம் ஒன்று தண்ணீரைவிட்டு எழுந்தது. ஒன்றைக்கூட விட்டுவிடாமல் கழுத்தைத் திருப்பிக்கொண்டே போனேன். அவள் வேனை இன்னும் மெதுவாக்கினாள்.