விரல் வைக்கும் இடம்

பிரிட்ஜ் கதவில் முட்டைகளுக்குப் பக்கத்தில் நிற்கும் அம்மாவின் கண் சொட்டு மருந்துக் குப்பியை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். போன வாரம் எங்கே நின்றதோ அங்கேயே நின்றது மருந்து. பக்கத்தில் புதிதாக ஒரு ஜாம் பாட்டில் இருந்தது. திறந்ததும் வெங்காய வாடை முகத்தில் அடித்தது.

"இது யாரும்மா குடுத்தது?"

"பெரியம்மா. வெங்காயச் சாறும் தேனும். அத மூடு மொதல்ல, வீடெல்லாம் நாறுது."

"அப்ப சொட்டு மருந்து?"

"அது எரியுதுடி."

"இது எரியலையா?"

"இதுவும் எரியுது. ஆனா இது எரிஞ்சா கெட்ட நீரு வெளிய வருதுன்னு அர்த்தமாம்."

அம்மாவின் கண்ணுக்குள் அழுத்தம். வலியில்லாமல் ஓரங்களிலிருந்து பார்வையைத் தின்றுகொண்டே வந்த நோய். இப்போது அவளுக்கு மிஞ்சியிருப்பது நடுவில் ஒரு சிறு வட்டம்தான். நேராகப் போய் நின்றால் என் முகத்தில் பாதி தெரியும்; ஒரு அடி நகர்ந்தால் நான் இல்லை. போனது வராது, இருப்பதைக் காப்பாற்றத்தான் இந்த மருந்து, ஒரு நாளும் விடக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அவர் பேசி முடிக்கிறவரை அம்மா தலையாட்டினாள். வெளியே வந்ததும், "சின்னப் பையனா இருக்கான், பாவம், சாப்பிட்டானோ என்னமோ" என்றாள்.

பெரியம்மாவின் குரல் செய்தியை அம்மாவே போட்டுக் காட்டினாள். வாட்ஸ்அப் ஜெபக் குழுவில் வந்தது. பெரியம்மாவுக்கு எங்கள் வீட்டில் ரேடியோ என்று பெயர். அப்பா இருந்தபோது வைத்தது. "கண் நோய்க்கு வேதத்திலேயே வழி இருக்கு, நாமதான் தேடல" என்று ஆரம்பித்து, நீதிமொழிகள் முப்பத்து மூன்றாம் அதிகாரம், ஒன்பதாம் வசனம் என்று நிறுத்தி நிதானமாகச் சொல்லியிருந்தாள். தேன் மங்கின கண்ணைத் தெளிவாக்கும், வைத்தியன் கையோ வெறுமையாயிருக்கும். அதன் கீழே வரிசையாக ஆமென், ஆமென், கைகூப்பிய படங்கள். ஒருவர் மட்டும் எவ்வளவு வெங்காயம் என்று கேட்டிருந்தார்.

நான் அதிகம் பேசுகிறவள் இல்லை. சலவைக் கடையில் துணிகளுக்கு எண் சீட்டு குத்துகிற வேலை எனக்கு. அங்கேயும் யாராவது ஏதாவது கேட்டால் சுவரில் ஒட்டியிருக்கும் விலைப் பலகையைக் காட்டிவிடுவேன். பெரியம்மா சொன்னதற்கு எதிராக ஒரு வாக்கியம் பேசுவது என்பது எனக்கு முன்பின் பழக்கமில்லாதது. அம்மாவுக்கும்தான். அவர்களுடைய அம்மா செத்தபோது பெரியம்மாதான் அம்மாவை இடுப்பில் தூக்கிக்கொண்டு திரிந்தவள். பத்து வயதுப் பெண் நாலு வயதுப் பெண்ணை. அந்த இடுப்பிலிருந்து அம்மா முழுதாக இறங்கவே இல்லை.

சாயங்காலம் வழக்கம்போல வேதம் வாசிக்க உட்கார்ந்தோம். அம்மாவுக்கு எழுத்து தெரியாமல் போன பிறகு ஏற்பட்ட வழக்கம் இது. நான் ஒரு வசனம் வாசித்ததும், பிடித்திருந்தால் "வெரல வை" என்பாள். அவள் ஆள்காட்டி விரலைப் பிடித்து அந்த வரியின்மேல் வைக்க வேண்டும். ஒன்றும் தட்டுப்படாது, வெறும் தாள். ஆனாலும் வரியின் தலையிலிருந்து கால்வரை மெதுவாக ஓட்டிப் பார்ப்பாள். தையல் ஆலையில் பிசிறு பார்க்கிற வேலை செய்தவள். கண்ணுக்குத் தப்பிய, நடுவில் விட்டுப்போன தையல்கூட அவள் விரலுக்குத் தப்பாது என்று அங்கே சொல்வார்களாம். "பாத்தாச்சுன்னு முத்திரை குத்தி வந்தாலும் நான் வெரல ஓட்டாம விட மாட்டேன். எல்லாத்தையும் சோதிச்சுப் பாத்து நல்லதப் பிடிச்சுக்கோன்னு சும்மாவா எழுதியிருக்கு?" என்பது அவள் அடிக்கடி சொல்வது.

நீதிமொழிகளில்தான் வாசித்துக்கொண்டிருந்தோம். விவரமில்லாதவன் காதில் விழுகிற எதையும் நம்புவான், விவரமுள்ளவன் கால் வைக்கிற இடத்தைப் பார்த்து வைப்பான் என்கிற பொருளில் ஒரு வசனம் வந்தது. நிறுத்தி வாசித்தேன். அம்மா "ம்" என்றாள், அவ்வளவுதான். அது வேறு யாருக்கோ எழுதப்பட்டது என்பதுபோல.

அடுத்த வரிக்குப் போயிருக்க வேண்டும். போகவில்லை. வாசிக்கிற அதே குரலில், தாளைப் பார்த்தபடியே சொன்னேன்: "தனக்குக் கொடுக்கப்பட்ட மருந்தை ஞானி அசட்டைபண்ணான், அசட்டைபண்ணுகிறவனோ பட்டப்பகலில் சுவரைத் தடவித் திரிவான்."

எவ்வளவு லேசாக வந்தது என்பதுதான் எனக்கு ஆச்சரியம். அந்த நடை எனக்கு வாயில் ஊறியிருந்தது. ஒரு கணம் எனக்கே அது அங்கே இருப்பதுபோலத் தோன்றியது.

அம்மா கையை நீட்டினாள்.

"வெரல வை."

அவள் விரலைப் பிடித்தேன். சூடாக இருந்தது. எந்த வரியின்மேல் வைத்தாலும் அவளுக்குத் தெரியப்போவதில்லை. தாளுக்கு மேலே கொண்டுபோனேன், இறக்க முடியவில்லை.

"என்னடி?"

"அது இங்க இல்லம்மா. நானா சொன்னேன்."

திட்டுவாள் என்று நினைத்தேன். அவள் கையை மடிக்கு எடுத்துக்கொண்டாள்.

"நல்லாத்தான் இருந்துச்சு," என்றாள். "சரி, அக்கா சொன்னத எடு. முப்பத்து மூணு, ஒம்பது."

திருப்பினேன். முப்பது. முப்பத்தொன்று. குணசாலியான பெண்ணைப் பற்றிய பகுதி, அதன் கடைசி வசனம், அதற்குக் கீழே பாதிப் பக்கம் வெள்ளையாகக் கிடந்தது. அடுத்த பக்கத்தில் பிரசங்கி தொடங்கிவிட்டது. ஒட்டிக்கொண்ட தாள் ஏதாவது இருக்குமா என்று நகத்தால் பிரித்துப் பார்த்தேன்.

"முப்பத்தொண்ணோட முடிஞ்சிருதும்மா. முப்பத்து மூணுன்னு ஒரு அதிகாரமே இல்ல."

அம்மா சிரித்தாள். சந்தோஷச் சிரிப்பு இல்லை.

"இருக்குன்னு இப்பத்தான் ஒண்ணு சொன்ன, இல்லாமப் போச்சு. இப்ப இல்லங்குற. நான் எத நம்ப?"

ஒரே ஒரு பொய்தான் வாழ்நாளில் துணிந்து சொன்னேன்; அதுவும் உண்மை தேவைப்பட்ட நேரத்துக்குச் சற்று முன்னால்.

"அக்காவ வரச் சொல்லு," என்றாள் அம்மா. "மொதல்ல பேசுறவன் பேச்சு ஞாயமாத்தான் தெரியும், எதிராளி வந்து கேக்குற வரைக்கும்னு முன்னாடி ஒரு தடவ வாசிச்சியே. யார் மொதலு யார் எதிராளின்னுதான் தெரியல. ரெண்டு பேரும் என் முன்னாடி உக்காருங்க."

பெரியம்மா பக்கத்துத் தெருதான். போனில் கூப்பிட்டதும் கிளம்பிவிட்டாள்; அவளுக்கு முன்னால் அவள் குரல் வாசலுக்கு வந்தது.

"ஸ்தோத்திரம்! என்னடி அவசரம், ராணி அழைப்பு மாதிரி? பாட்டில் தீந்துருச்சா?"

விளக்கடியில் வந்து நின்றபோதுதான் பார்த்தேன். பெரியம்மாவின் இரண்டு கண்களும் சிவந்து வீங்கியிருந்தன. இமை ஓரங்களில் நீர் கோத்திருந்தது. முந்தானையால் ஒற்றிக்கொண்டே இருந்தாள்.

"பெரியம்மா, உங்க கண்ணு..."

"நானும் விட்டேன்ல. என் தங்கச்சி கண்ணுல விடுறதுக்கு முன்னாடி என் கண்ணுல விட்டுப் பாக்க வேணாமா? எவனோ அனுப்புனான்னு அப்படியே தூக்கிக் குடுத்துருவேனா?"

அம்மா அவள் குரல் வந்த பக்கம் முகத்தைத் திருப்பினாள். வட்டத்துக்குள் அக்காவைக் கொண்டுவரத் தலையை இடமும் வலமும் கொஞ்சம் நகர்த்தினாள். எவ்வளவு தெரிந்ததோ, வாய் லேசாகத் திறந்தபடி நின்றது.

"உனக்குக் கண்ணு நல்லாத்தானேக்கா இருந்துச்சு," என்றாள்.

"அது கெடக்கு. எதுக்குக் கூப்பிட்ட?"

"நீ சொன்ன வசனத்துல எனக்கு வெரல வச்சுக் காட்டு. இவ இல்லங்குறா."

பெரியம்மா என்னைப் பார்த்தாள். நான் இத்தனை வருடங்களில் அவள் சொன்ன எதையும் இல்லை என்றதில்லை. "ஊமை வாய் தொறந்தா ஊரே கேக்குமாம். குடுடி இங்க," என்று புத்தகத்தை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். கண்ணாடியைப் போட்டாள், கழற்றித் துடைத்தாள், மறுபடி போட்டாள். இடது கையால் தங்கையின் விரலைப் பிடித்துத் தயாராக வைத்துக்கொண்டு வலது கையால் தாள்களைத் தள்ளினாள்.

முப்பத்தொன்று வந்தது. அடுத்த தாளைத் திருப்பினாள், பிரசங்கி. முன்னால் வந்தாள். மறுபடி பின்னால் போனாள். கண்ணில் நீர் கோத்துக் கோத்து எழுத்தை மறைத்தது. முந்தானையால் துடைக்க வேண்டுமென்றால் தங்கையின் கையை விட வேண்டும், விடவில்லை. தோளில் கண்ணைத் தேய்த்துக்கொண்டாள். வாசிக்கிறவள் போல அவள் உதடு மட்டும் அசைந்தது, ரேடியோவிலிருந்து சத்தம் வரவில்லை.

"கிடைச்சுதாக்கா?"

"இரு. பாக்குறேன்ல."

பிரிட்ஜிலிருந்து எடுத்த சொட்டு மருந்துக் குப்பி என் உள்ளங்கையில் வியர்த்துக்கொண்டிருந்தது. அம்மா சொல்லவில்லை, நானாகத்தான் எடுத்து வந்திருந்தேன். ஒரு தாளின் சரசரப்பு, பிறகு இன்னொன்று. கடைசி வசனத்துக்குக் கீழே இருந்த அந்த வெள்ளை இடத்துக்கு மேலே, பெரியம்மாவின் பிடிக்குள், அம்மாவின் விரல் இறங்காமல் நின்றது.