ஈரக்கால் வீரன்

அழிக்கப்பட்டு இருபத்தாறு வருடங்கள் ஆன ஒரு வீரன், வியாழக்கிழமை காலை ஒன்பதே காலுக்கு டிவியிலிருந்து இறங்கி, மூக்குக்கண்ணாடிக் கடைக்காரியின் வீட்டுச் செருப்பு ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் நின்றான். உயரம் ஒன்றரை அடி. உடம்பெல்லாம் சின்னச் சின்னச் சதுரங்கள், மொத்தம் பதினாறு நிறம். முழங்கால்வரை நனைந்திருந்தான். தரையில் ஈரத்தடம் விழுந்ததுதான் அவளுக்கு முதலில் எரிச்சலைத் தந்தது, அப்போதுதான் துடைத்திருந்தாள்.

அவனை வரவழைத்தது ஓர் அடாப்டர். அவள் கணவர் லிஃப்ட் மெக்கானிக். பழைய வீடியோ கேம்களை ஆடுவதற்கென்றே புதிதாகச் செய்து விற்கும் பெட்டி ஒன்றை வாங்கியிருந்தார். அது இரண்டு வகைக் கேசட்டைத்தான் ஏற்றது. அவள் பிறந்த வீட்டுத் தகர டப்பாவில் கிடந்ததோ மூன்றாவது வகை. பெட்டிக்கும் கேசட்டுக்கும் நடுவில் செருக, உள்ளங்கை அளவு அடாப்டரைத் தபாலில் தருவித்தார். 'உள்ளே இருப்பது அனைத்தையும் படிக்கும்' என்று அதன் அட்டையில் அச்சிட்டிருந்தது. அட்டையில் அச்சிட்டது எதுவும் உண்மையாக இருந்து அவள் பார்த்ததில்லை என்பதால் அதைப் பொருட்படுத்தவில்லை. கணவர் பழக்கதோஷத்தில் கேசட்டின் வாயில் இரண்டு முறை ஊதிவிட்டுச் செருகினார். வீரன் இறங்கினான்.

யாரென்று அவளுக்கு உடனே தெரிந்துவிட்டது. அந்தக் கேசட்டில் ஒருவருடைய ஆட்டத்தை மட்டுமே சேமித்து வைக்க முடியும். அவள் அண்ணன் பதினேழு வயதில் கடைசிக் கோட்டையை எட்டிவிட்டதாகத் தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தான். ஒரு மத்தியானம் அவன் முடி வெட்டப் போயிருந்த நேரம், பதினைந்து வயதுக்காரியான அவள் புது ஆட்டம் தொடங்கினாள். பழையது அழிந்துவிடும், சம்மதமா என்று திரை கேட்டது. 'ஆமாம்' என்று அழுத்தினாள். திரும்பி வந்தவனிடம் கேசட்டுக்குள் இருக்கும் பேட்டரி தீர்ந்துபோச்சு என்றாள். அண்ணன் இரண்டு நாள் சாப்பிடாமல் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தான். அதற்குப் பிறகு அவனோடு எந்த வாக்குவாதத்திலும் அவள் ஜெயிக்கவில்லை. ஜன்னல் வைத்த அறை போயிற்று, சைக்கிள் போயிற்று, அப்பாவின் சாய்வு நாற்காலி போயிற்று. எதிர்த்துப் பேச வாயெடுத்தால் அந்த 'ஆமாம்' குறுக்கே வந்து நின்றது. அண்ணனோ பெரியவனாகிப் பேட்டரிக் கடை வைத்தான். 'பாதியில் கைவிடாத பேட்டரி' என்று பலகை எழுதினான். அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் அவள் எதிர்ச்சாரிக்கு மாறி நடந்தாள்.

இப்போது அப்பா விட்டுப்போன கண்ணாடிக் கடையின் முன்பாதி தனக்கு வேண்டும் என்றும், ஞாயிற்றுக்கிழமை அளந்து பார்க்க வருவதாகவும் சொல்லியிருந்தான். நாற்காலியிலிருந்து எழுத்து அட்டைவரை சரியாக இருபதடி நீளம் உள்ள கடை அது. பாதியைக் கொடுத்தால் யாருடைய பார்வையையும் அளக்க முடியாது. எதிரே முகக்கண்ணாடி மாட்டித் தூரத்தை ஏமாற்றலாம் என்பார்கள். அவள் யாரையும் ஏமாற்றுவதில்லை, அந்த ஒரு முறையைத் தவிர.

மூன்று நாள் வீரனைத் திரும்ப அனுப்பப் பார்த்தாள். அடாப்டரைப் பிடுங்கியும் அவன் போகவில்லை. வலப்பக்கம் மட்டுமே நடக்கத் தெரிந்தவன். சுவரில் முட்டினால் நின்ற இடத்திலேயே நடப்பான், பத்தடிக்கு ஒரு முறை காரணமில்லாமல் ஆள் உயரத்துக்குக் குதிப்பான். "இறங்கினவன் இறங்கிட்டான், ஓவர்லோடு ஆகாத வரைக்கும் விடு" என்றார் கணவர், போகிற போக்கில் அவனைத் தோளைப் பிடித்துத் திருப்பிவிட்டபடி. அவள் அவனைக் கடை அலமாரிக்குள் வைத்துப் பூட்டினாள். உள்ளே தொம் தொம் என்று நடந்தான். கதவுக்கு அடியில் தண்ணீர் கசிந்தது. கோட்டைக்குப் போனவன் கால் ஏன் நனைந்திருக்கிறது என்று ஒரு கணம் யோசித்தாள். அகழியாக இருக்கும் என்று தானே சமாதானமும் சொல்லிக்கொண்டாள். குற்ற உணர்ச்சி உள்ளவர்கள் மற்றவர்களுக்காகக் காரணம் கண்டுபிடிப்பதில் கெட்டிக்காரர்கள்.

ஞாயிற்றுக்கிழமை அண்ணன் அளவு டேப்போடு வந்தான். "இங்கேருந்து ஒரு தடுப்பு போட்டா போதும்மா, உனக்கும் காத்து வரும்" என்று டேப்பைத் தரையில் நீட்டினான். எப்போதும்போலத் தலையாட்டத்தான் போனாள். அலமாரிக்குள் சத்தம் நிற்கவில்லை. சாவியைத் திருப்பினாள்.

"அண்ணா, அன்னிக்கு பேட்டரி போகல. நான்தான் அழிச்சேன்."

வீரன் வெளியே வந்து, டேப்பைத் தாண்டிக் குதித்து, வலப்பக்கமாக நடந்தான். அண்ணன் அவன் முகத்தைப் பார்க்கவில்லை, காலைப் பார்த்தான். காது மடல் சிவந்தது.

"கடைசிக் கோட்டை அகழித் தண்ணி இன்னும் காயல பாரு" என்றாள் அழமாட்டாக் குறையாக.

"அது அகழி இல்ல."

"பின்ன?"

"ஏரி. மூணாவது ஏரி. அதை நான் தாண்டினதே இல்ல."

"தெருவுக்கே சொன்னியே!"

"சொன்னேன். எங்க போட்டுக் காட்டுன்னு நாலு பேர் கேக்க ஆரம்பிச்சிட்டாங்க. நீ பேட்டரின்னதும் அப்பாடான்னு இருந்துது."

"ரெண்டு நாள் சாப்பிடலியேண்ணா!"

"உடனே சாப்பிட்டா நம்பியிருப்பீங்களா?"

கோபப்பட வேண்டும் என்றுதான் நினைத்தாள். ஆனால் இத்தனை வருடம் சாய்ந்து நின்ற சுவரை யாரோ எடுத்துக்கொண்டு போனதுபோல் இருந்தது. நேராக நிற்கக் கொஞ்சம் நேரம் பிடித்தது. நின்ற பிறகு, "கடைல ஒரு அடி தரமாட்டேன்" என்றாள். தன் குரலைக் கேட்டு அவளே திரும்பிப் பார்த்தாள்.

"நான் கேக்கவே இல்லையே" என்று அண்ணன் டேப்பைச் சுருட்டிப் பைக்குள் போட்டான்.

"அந்த ஜன்னல் ரூம்?"

"அந்த வீட்டையே இடிச்சாச்சும்மா."

அதற்கப்புறம் நான்கு வருடங்கள் ஆகின்றன. நாற்காலியும் எழுத்து அட்டையும் அதே இருபதடியில் இருக்கின்றன. அண்ணன் வாரம் ஒரு முறை வந்து, வீரன் சுவரில் முட்டும்போது திருப்பிவிட்டுப் போகிறான். பலகையை மட்டும் மாற்றவில்லை. கடையில் கூடுதலாக ஒரு மாப் வாங்கி வைத்தார்கள். அட்டையின் கடைசி வரி தெரியவில்லை என்று யாராவது சொன்னால் அவள் உடனே பவரைக் கூட்டுவதில்லை. "கொஞ்சம் பொறுங்க, அட்டை முன்னாடி அவன் குதிச்சு முடிக்கட்டும்" என்கிறாள். அவர்களும் பொறுத்திருந்து படிக்கிறார்கள்.