வின்னிக்கு ஒரு கொலையாளி வேண்டும்

டில்வர்டன் கொலை ஆய்வுக் கழகத்தில் சேர அறிவு அவசியமில்லை. சொந்தமாக ஒரு கொலையாளி இருந்தால் போதும்.

விக்டோரியா ராணியின் காலத்தில், நவம்பர் மாதத்து ஈர இரவொன்றில், பீர் காய்ச்சும் மால்ட் தானியத்தை விற்றுவந்த வியாபாரி ஜோசயா பெல்லோவை அவருடைய படுக்கையிலேயே யாரோ அடித்துக் கொன்றுவிட்டார்கள். அடிக்க உதவியது, குளிருக்குக் கால்மாட்டில் வைத்துக்கொள்ளும் வெந்நீர்க் கல்ஜாடி. போலீஸ் கடைசிவரை யாரையும் பிடிக்கவில்லை. ஊரார் இதைப் போலீஸின் தோல்வி என்பார்கள். கழகத்தார் அப்படி நினைப்பதில்லை. அன்றைக்கே ஒருவனைப் பிடித்துத் தூக்கில் போட்டிருந்தால், ஓய்வுபெற்ற நாலு பேர் வியாழக்கிழமை சாயங்காலத்தில் எங்கே போவார்கள்?

'குருட்டுக் கிடாரி' மதுக்கடையின் மாடி அறையில்தான் கூட்டம். ஆளுக்கொரு நாற்காலி, நாற்காலிக்கொரு சந்தேக நபர். பல் டாக்டராக இருந்த வெர்னன் டிப்ஸுக்கு ஊரின் உதவிப் பாதிரியார். ஃபிலிடா ஓர்முக்குச் செத்தவரின் அண்ணன் மகன்; அவளுடைய குடும்பம் குதிரைகளையெல்லாம் விற்றுத் தீர்த்தாகிவிட்டது, குதிரைகளை அதட்டிய குரல் மட்டும் அவளிடம் மிச்சம். தலைவர் லெனார்ட் ஹாதர்சேஜுக்கு, சவத்தைப் பரிசோதித்த டாக்டர் ஆம்ப்ரோஸ் கில். வின்னி டக்வெல்லுக்கு, பெல்லோவின் வீட்டை நிர்வகித்துவந்த கெஸையா பிராண்ட்.

கெஸையா வின்னிக்குக் கணவன் வழி வந்த சொத்து. ஆர்தர் இறந்தபின் அவனுடைய ராஜினாமாவைச் சொல்லிவிட்டுப் போகலாம் என்றுதான் முதல்முறை மாடியேறினாள். செத்தவன் எப்படி ராஜினாமா செய்வான் என்று கழகத்தார் விவாதித்துக்கொண்டிருக்கையில் அவளுக்கு, மாவுக்குள் மாட்டிறைச்சி அடைத்துச் சுட்ட பண்டம் ஒன்று வந்தது. அதைத் தின்று முடிப்பதற்குள் அவள் உறுப்பினராகிவிட்டாள். வெள்ளி முதல் புதன் வரை அவள் பேசுவது வெந்நீர் போடும் கெட்டிலோடும் வானொலியோடும்தான். கெட்டில் பதிலுக்குச் சீறவாவது செய்யும். வியாழக்கிழமை வந்தால் மூன்று பேர் அவளைப் பார்த்து, "நீ சொல்றது சுத்தப் பேத்தல்" என்பார்கள். அவளுக்கு உடம்பு தெம்பாகிவிடும்.

கழகத்துக்கு விதிகள் உண்டு. தன் ஆள் நிரபராதி என்று நிரூபணமானால் அந்த உறுப்பினர் நாற்காலியைக் காலிசெய்ய வேண்டும். சிரில் என்று ஒருவர் வண்டிக்காரனை வைத்திருந்தார்; கொலைக்கு முன்பே வண்டிக்காரனுக்குக் கால் ஒடிந்திருந்தது தெரிந்ததும் சிரில் போய்விட்டார். இப்போது புல்வெளியில் பந்து உருட்டும் சங்கத்தில் இருக்கிறார். அங்கே யாரும் யாரையும் கொன்றதில்லை என்று பார்ப்பவர்களிடமெல்லாம் குறைப்பட்டுக்கொள்கிறார்.

அந்த வியாழக்கிழமை லெனார்ட் எழுந்து நின்று கண்ணாடிக் குவளையைக் கரண்டியால் தட்டினார். அறையில் இருந்தது நாலே பேர், நாலு பேரும் அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள், அவர் உட்பட. எதிர்ச்சுவரில் கண்ணாடி இருந்தது. துணைத் தலைமையாசிரியராக ஓய்வு பெற்றவர், தட்டாமல் பேசிப் பழக்கமில்லை.

"வருத்தமான ஒரு விஷயம். மிஸஸ் டக்வெல் மனசைத் திடப்படுத்திக்கணும்."

எல்லாரும் சாதாரணமாக 'வின்னி' என்பார்கள். 'மிஸஸ் டக்வெல்' என்றதுமே அவள் கைப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"கொலை நடந்த ராத்திரி கெஸையா பிராண்ட் இந்த ஊர்லயே இல்ல. பிரிட்ஹாம் லாக்கப்புல இருந்திருக்கா. அந்த வாரத்துப் பத்திரிகையில போட்டிருக்கான். நானே கண்ணால பார்த்தேன்."

"லாக்கப்பா? எதுக்கு?"

"சந்தையில ஒரு வாத்தைத் திருடினதுக்கு."

"வாத்தா?" என்றாள் வின்னி. மூன்று வருஷமாக அவள் கட்டிக்காத்த கெஸையா கரிய உடையில் மெழுகுவத்தியோடு படியேறி வருபவள். நெஞ்சில் வஞ்சமும் கையில் கல்ஜாடியும் சுமந்தவள். அவள் கக்கத்தில் வாத்தை இடுக்கிக்கொண்டு ஓடுவதை வின்னியால் கற்பனை செய்ய முடியவில்லை.

"அதுவும் சின்ன வாத்து," என்றார் லெனார்ட், துக்கத்தோடு.

வெர்னன் பன்றித்தோல் வறுவல் பொட்டலத்தை அவள் பக்கம் தள்ளினார். "எடுத்துக்கோ, வின்னி. என் பாதிரியார் மேல மட்டும் கையை வச்சுடாதே."

"விதிப்படி," என்று தொடங்கினார் லெனார்ட், "மிஸஸ் டக்வெல் இன்னிக்குக் கூட்டம் முடியறதுக்குள்ள வேற ஆளைச் சொல்லலாம். யாரும் கைவைக்காத ஆளா இருக்கணும். கொலை நடந்த நேரத்துல அந்த ஆள் வேற எங்கேயோ இருந்தார்னு இங்க யாராவது காட்டிட்டா, செல்லாது."

"சமையக்காரி," என்றாள் வின்னி.

"அவளை நாங்க எப்பவோ விடுதலை பண்ணியாச்சு," என்றாள் ஃபிலிடா. "கையில கட்டு போட்டிருந்தா. ஜாடியைத் தூக்கவே முடியாது."

"தோட்டக்காரன்?"

"செத்துட்டான்."

"எப்போ?"

"பெல்லோவுக்கு முந்தின வாரம். அப்போ இவன் குழிமேல போட்ட மண்ணுகூடக் காயல."

"பால்காரன்?"

"ஏம்மா," என்றார் வெர்னன், "ஊர்ல பால்காரன் இருந்தான்னாவது தெரியுமா உனக்கு?"

தெரியாது. இருந்திருக்க வேண்டும் என்று நினைத்தாள். பால் எப்படியோ வந்திருக்கும் அல்லவா? ஆனால் பெயர் தெரியாத பால்காரனை வைத்துக்கொண்டு ஒரு நாற்காலியைக் காப்பாற்ற முடியாது. ஆர்தரின் நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள். புல்வெளி, பந்து, சிரிலின் முகம் எல்லாம் வரிசையாக மனதில் வந்தன. சிரிலோடு தேநீர் குடிப்பதா? அதற்குக் கெட்டிலே தேவலை.

நிமிர்ந்து பார்த்தாள். லெனார்டின் தலைக்கு மேலே, படச் சட்டத்துக்குள் இருந்து, அடர்ந்த மீசையோடு சார்ஜென்ட் ஒபதாயா க்ரௌச் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார். கொலையைத் துப்பறிந்தவர். துப்பறிந்து எதையும் கண்டுபிடிக்காதவர். அவரைப் பற்றி லெனார்ட் ஒரு சிறு நூலே எழுதியிருந்தார். நகராட்சியை விடாமல் நச்சரித்து, ரொட்டிக்கடைக்குப் பின்னால் குப்பைத் தொட்டிகள் நிற்கும் சந்துக்கு அவர் பெயரை வைக்கவும் செய்திருந்தார். மீசையையும் அவரைப் பார்த்தே வளர்த்திருந்தார். அது மட்டும் சரியாக வரவில்லை.

"இவர்," என்றாள் வின்னி.

லெனார்ட் தனக்குப் பின்னால் யாரோ வந்துவிட்டதாக எண்ணித் திரும்பிப் பார்த்தார்.

"யாரு?"

"சார்ஜென்ட்."

கீழே யாரோ பந்தய நாயைப் பற்றிப் பேசுவது கேட்டது.

"மிஸஸ் டக்வெல், அவர் துப்பறிஞ்சவர்."

"அதான் மாட்டல."

ஃபிலிடா தொடையில் தட்டிக்கொண்டாள். "அட, இத்தனை வருஷமா இது யாருக்கும் தோணலையே."

"தோணாதது நல்லது," என்றார் லெனார்ட். "கண்ணியமான மனுஷன். அவரைப் போய்... எனக்கு வாய் வரல."

"வாய் வராட்டிப் பரவாயில்ல, லெனார்ட்," என்றாள் ஃபிலிடா. "அந்த நேரத்துல எங்க இருந்தார்னு மட்டும் சொல்லு. சொல்லிட்டா வின்னி வீட்டுக்குப் போயிடுவா."

"எங்க இருந்தாரா? குழந்தைக்குக்கூடத் தெரியும். அன்னிக்கு ராத்திரி அவர் சீட்டு ஆடிக்கிட்டிருந்தார்."

"யார் கூட?" என்றாள் வின்னி. அவளுக்கு உண்மையிலேயே தெரியாது. கெஸையாவைத் தவிர வேறு எதையும் அவள் சரியாகப் படித்ததில்லை.

லெனார்ட் வாயைத் திறந்தார். திறந்த வாய் அப்படியே நின்றது.

வெர்னன் அந்த வாயைத் தொழில்முறையாகக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு கையிலிருந்த பீர்க் குவளையை மெல்ல மேசைமேல் வைத்தார். அவர் முகத்தில் ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டைப் பார்த்த களை வந்தது. "டாக்டர் கில் கூட. டாக்டர் வீட்டுல. ரெண்டே ரெண்டு பேர்."

"சரி," என்றாள் வின்னி. "ஆட்டம் எத்தனை மணிக்கு முடிஞ்சது?"

கேட்டபின்தான் தான் என்ன கேட்டோம் என்பது அவளுக்கே விளங்கியது. பெல்லோ செத்தது பத்து மணி வாக்கில். டாக்டர் ஒன்பதரைக்கே சீட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டு, நோயாளியைப் பார்க்கப் போவதாகச் சொல்லிக் கிளம்பிப்போய்க் கொலை செய்தார் என்பதுதான் லெனார்டின் சித்தாந்தம். வருஷா வருஷம் படம் போட்டு விளக்குவார்; டாக்டரோடு ஆடியவர் யார் என்பதை மட்டும் அவள் கவனித்ததில்லை. ஒன்பதரைக்கு ஆட்டம் முடிந்தது என்றால் சார்ஜென்டும் அப்போதே இருட்டில் தனியாக இறங்கிவிட்டார். இல்லை, நள்ளிரவு வரை ஆடினார்கள் என்றால் சார்ஜென்ட் தப்பித்தார். கூடவே டாக்டரும் தப்பித்தார். டாக்டர் தப்பித்தால் லெனார்டின் நாற்காலி காலி.

லெனார்ட் உட்கார்ந்தார். கூட்டம் முடியுமுன் அவர் உட்கார்ந்தது அதுவே முதல்முறை.

"ஆட்டம் நின்னுபோனப்புறம் சார்ஜென்ட் அங்கேயே உட்கார்ந்திருந்திருக்கலாம்," என்றார்.

"தனியாவா?" என்றாள் வின்னி.

"டாக்டர் திரும்பி வருவார்னு. பொறுமையான மனுஷன்."

"அவர் அங்க உட்கார்ந்திருந்ததை யாரு பார்த்தா?" என்றார் வெர்னன்.

"வீட்டுக்காரர் பார்த்திருப்பார்."

"வீட்டுக்காரர் கொலை பண்ணப் போயிருந்தார், லெனார்ட். நீதானே சொன்னே."

"வேலைக்காரி?"

"அன்னிக்கு அவளுக்கு லீவு. அதையும் நீதான் கண்டுபிடிச்சே. டாக்டர் போனதைப் பார்க்க ஆளில்லன்னு எவ்வளவு சந்தோஷப்பட்டே."

"ஒரு பூனை இருந்தது," என்றாள் ஃபிலிடா, உதவும் எண்ணத்தோடு.

லெனார்ட் தலையைத் திருப்பிப் படத்தைப் பார்த்தார். பிறகு தான் உட்கார்ந்திருந்த நாற்காலியின் கைப்பிடிகளைப் பார்த்தார். தலைவரின் நாற்காலிக்கு மட்டும்தான் மெத்தை உண்டு. வின்னிக்கு அவரைப் பார்க்கக் கொஞ்சம் பாவமாக இருந்தது. இருந்தாலும் அவள் உதவிக்குப் போகவில்லை. ஒரு வாத்தைக் கொண்டுவந்து தன்னைத் தெருவில் நிறுத்தப் பார்த்தவர் என்பதும் நினைவிருந்தது.

"சார்ஜென்டை விடுறியா, மெத்தையை விடுறியா?" என்று கேட்டாள் ஃபிலிடா.

அவர் எழுந்தார். குவளையைத் தட்டினார்.

"ஆய்வாளன்னு வந்துட்டா வேண்டியவன் வேண்டாதவன் பார்க்கக் கூடாது. உண்மை எவ்வளவு கசந்தாலும் நான் முழுங்குவேன்." முழுங்கியது பீர். "ஆட்டம் ஒன்பதரைக்கு முடிஞ்சது. மிஸஸ் டக்வெல்லோட சந்தேக நபரைக் கழகம் ஏத்துக்குது."

வெர்னன் மேசையைத் தட்டினார். வின்னி, தன்னையறியாமல் இறுக்கிப் பிடித்திருந்த நாற்காலிக் கைப்பிடியை விட்டாள். விரல்கள் வலித்தன.

"சரி வின்னி, உன் ஆளு எதுக்காகக் கொன்னான்?" என்றார் வெர்னன்.

அவள் அதை யோசிக்கவில்லை. "அது... கோபத்துல."

"என்ன கோபம்?"

"பொம்பளை விவகாரமா இருக்கும்," என்றாள் ஃபிலிடா.

"எழுபது வயசு பெல்லோவுக்கா? பல்லே கிடையாது. அந்தக் காலத்துப் பல் செட்டை நான் மியூசியத்துல பார்த்திருக்கேன். அதை வச்சுக்கிட்டுக் காதல் வசனம் பேச முடியாது. சீட்டுல தோத்த ஆத்திரம்னு வச்சுக்கோ."

"தோத்தது டாக்டர்கிட்ட. பெல்லோவை ஏன் அடிக்கணும்?" என்றாள் ஃபிலிடா.

"பக்கத்து வீடு."

லெனார்ட் சற்று நேரம் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார். மட்டமான விடைத்தாளைத் திருத்தாமல் கீழே வைக்க அவரால் என்றைக்குமே முடிந்ததில்லை.

"என்ன பேசுறீங்க எல்லாரும்? அசிங்கமா இருக்கு. பெல்லோ அப்போ மாஜிஸ்ட்ரேட். க்ரௌச்சுக்கு வரவேண்டிய இன்ஸ்பெக்டர் பதவியை ரெண்டு தடவை தடுத்தவரே அவர்தான். அதைச் சொல்லுங்க. அதுதான் காரணம்."

மூன்று பேரும் அவரைப் பார்த்தார்கள்.

"இது உனக்கு எப்போ தெரியும்?" என்றார் வெர்னன்.

"ரொம்ப நாளா."

"உன் புத்தகத்துல இல்லையே?"

"புத்தகம் அவரோட கண்ணியத்தைப் பத்தினது. அதுல இதுக்கு இடம் இல்ல."

வின்னி நாற்காலியை மேசைக்கு நெருக்கமாக இழுத்துக்கொண்டாள். "அதெல்லாம் ஒரு காரணமா, லெனார்ட்? பதவி வரலன்னா எல்லாரும் மாஜிஸ்ட்ரேட்டைக் கொல்றாங்களா? நீங்ககூடத் தலைமையாசிரியர் ஆகாமத்தான் ரிட்டையர் ஆனீங்க."

"நீ சொல்றது சுத்தப் பேத்தல்," என்றார் லெனார்ட், முகம் சிவந்து.

"இருக்கட்டும். அவர் ஜாடியை எப்படி எடுத்தார், அதைச் சொல்லுங்க. ஜாடி கால்மாட்டுல, ஆள் போர்வைக்குள்ள. காலைத் தூக்குங்கன்னு சொல்லிட்டா எடுத்தார்?"

அதற்கு லெனார்ட் எழுந்து, படுக்கைக்குப் பதிலாக மேசையையும் பெல்லோவுக்குப் பதிலாக வெர்னனையும் வைத்துக் காட்டத் தொடங்கினார். வெர்னன், கால்மாடு என்றால் எந்தப் பக்கம் என்று கேட்டார். ஃபிலிடா, தன் ஆளான பெல்லோவின் அண்ணன் மகன் அந்தப் பக்கம் வழியாகத்தான் வந்தான் என்று அதட்டினாள். மேசையில் மிச்சமிருந்த பன்றித்தோல் வறுவல் கீழே விழுந்தது.

சாலையில் கடைசிப் பேருந்து நின்று கிளம்பும் சத்தம் கேட்டது. வின்னி எழவில்லை. காரில் கொண்டுவிடுகிறேன் என்று மேசையில் மல்லாந்து கிடந்த வெர்னன் சொன்னார். வழி நெடுகப் பாதிரியாரைப் பற்றித்தான் பேசுவார் என்பது அவளுக்குத் தெரியும்.

"சரி," என்றாள். "ஆனா ஒரு வார்த்தைகூட நம்ப மாட்டேன்."