இரண்டாம் மாடி வாளிகள்

குற்றாலத்தில் ஐந்தருவிக்குப் போகும் சாலையில் இருந்த அந்த லாட்ஜில் மூன்று மாடிகள், மாடிக்கு நான்கு அறைகள். ஜூன் கடைசியில், சீசன் சூடு பிடித்த வாரத்தில், ஸ்மிருதி அங்கே வந்து தங்கினாள். பெங்களூரில் ஒரு சிறிய நிறுவனத்தில் அவளுக்கு வேலை. புதிதாகச் செய்யும் கருவிகளை மக்கள் எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்று கூடவே இருந்து பார்த்து எழுத வேண்டும்.

இந்த முறை கொண்டு வந்தது ஒவ்வோர் அறையிலும் குளியலறைச் சுவரில் பொருத்தும் ஒரு பேனல். மொட்டை மாடியில் சோலார் ஹீட்டர். குழாய்க்குள் தண்ணீரின் அளவையும் சூட்டையும் அறியும் ஒரு சென்சார். குழாயைத் திறந்தால் எத்தனை லிட்டர் போனது என்று பேனல் எண்ணிக் காட்டும். நாற்பதைத் தாண்டினால் சிவப்பாக எரியும். அதைப் பார்த்து ஆட்கள் தண்ணீரைக் குறைப்பார்கள் என்பது எதிர்பார்ப்பு.

யாரும் குறைக்கவில்லை. எண்ணெய் தேய்த்த விரலால் தொட்டால் பேனல் கேட்கவில்லை. பலர் அதன் மேல் துண்டைத் தொங்கப் போட்டார்கள். பத்தாம் நாள் லாட்ஜ் மேனேஜர் லிங்கேஸ்வரன் அவளைக் கூப்பிட்டுச் சொன்னார்.

“மேடம், குளிக்கும்போது செவப்பு லைட்டு எரிஞ்சா கரண்டு அடிச்சிருமோன்னு கெஸ்ட் பயப்படுதாங்க. இந்த வாரத்தோட கழட்டிருங்க.”

அன்று மாலை பெங்களூரிலிருந்து அவளுடைய மேலாளர் சாய்கிருஷ்ணன் பேசினார். கணக்கில் ஒரு விசித்திரம் இருந்தது. ஹீட்டருக்கு அருகில் இருப்பதால் வெந்நீர் சீக்கிரம் வருவது மூன்றாம் மாடிக்கு. தண்ணீர் அங்கேதான் குறைவாகச் செலவாக வேண்டும். ஆனால் இரண்டாம் மாடியின் நான்கு அறைகளும் மற்ற எல்லாவற்றையும்விட மிகக் குறைவாகக் காட்டின.

“சென்சார் கோளாறாத்தான் இருக்கும். அந்த நாலு ரூமையும் கணக்குலேர்ந்து எடுத்துடு,” என்றார்.

ஸ்மிருதிக்கு மனம் ஒப்பவில்லை. நான்கு சென்சாரும் ஒரே மாதிரி கெட்டுப்போகுமா? மறுநாள் காலை இரண்டாம் மாடிக்குப் போனாள். அந்த மாடியைச் சுத்தம் செய்யும் பேராச்சி, 204-இல் படுக்கை விரிப்பை மாற்றிக்கொண்டிருந்தார். நாற்பதைத் தாண்டிய, அதிகம் பேசாத பெண். கீழப்பாவூரிலிருந்து தினமும் பஸ்ஸில் வருகிறவர்.

குளியலறையில் வாளியின் உட்புறம், பாதிக்குச் சற்று மேலே, சிவப்பு நகப்பூச்சில் ஒரு கோடு. ஸ்மிருதி மற்ற அறைகளையும் பார்த்தாள். 201-இல் கோடு அடியிலிருந்து நான்கு விரல் உயரத்தில். ஒவ்வொரு வாளியிலும் ஒவ்வோர் உயரம்.

“அக்கா, இந்தக் கோடு என்ன?”

“சும்மா மேடம். வாளி மாறிப் போயிரக்கூடாதுல்லா, அதுக்கு.” பேராச்சி முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

மெஷின் பக்கம் வேலையாட்கள் யாரும் போகக்கூடாது என்று மேனேஜர் முதல் நாளே கண்டித்திருந்தது ஸ்மிருதிக்கு நினைவு வந்தது. அவள் அதற்கு மேல் கேட்கவில்லை. கிளம்பும்போது மட்டும் சொன்னாள்: “உங்க மாடி கணக்கு மட்டும் தப்பா வருதுன்னு அழிக்கச் சொல்லிட்டாங்க.”

விரிப்பை உதறிய கை நின்றது.

“தப்பா? என்ன தப்பு?”

“தண்ணி ரொம்பக் குறைவாக் காட்டுது. நம்ப முடியலைங்கிறாங்க.”

பேராச்சி கதவுப் பக்கம் ஒருமுறை பார்த்தார். பிறகு அவளைக் குளியலறைக்குள் அழைத்துப்போய்க் குழாயைத் திறந்தார்.

“கை வைங்க. பச்சத் தண்ணி. இன்னும் பச்சத் தண்ணிதான். மேலேருந்து இங்கன வாரதுக்குள்ள குழாய்ல நிக்குத தண்ணி எல்லாம் வரணும்லா? அதுவரைக்கும் தொறந்து விட்டுட்டு வெளிய நிக்குதாங்க. அம்புட்டும் சாக்கடைக்குப் போவுது. உங்க மெஷினு அப்புறம் செவப்பா எரிஞ்சு என்ன செய்ய?”

வாளியில் தண்ணீர் கோட்டைத் தொட்டது. ஸ்மிருதியின் விரல்களில் இளஞ்சூடு பட்டது.

“கோடு வரைக்கும் பச்சத் தண்ணி, தாண்டுனா வெந்நி. ரெண்டும் ஒரே வாளில வெளாவிக்கிடுங்கன்னு ரூம் தொறந்து விடும்போதே சொல்லிருவேன். ஒவ்வொரு ரூமா நின்னு பாத்துத்தான் கோடு போட்டேன். இதுல தப்பு ஒண்ணும் இல்ல.”

ஸ்மிருதிக்குச் சற்று வெட்கமாக இருந்தது. பத்து நாளாக வீணான லிட்டரை எண்ணிக்கொண்டிருந்தவள், அது எப்போது வீணாகிறது என்று பார்க்கவில்லை. வெட்கத்தை மீறிக்கொண்டு ஒரு குதூகலமும் வந்தது.

அவளே போய் லிங்கேஸ்வரனிடம் நடந்ததைச் சொன்னாள். பேனலைக் கழற்றத் தயார், ஆனால் சென்சாரை மட்டும் விட்டுவைத்து நான்கு நாள் எல்லா அறைகளிலும் கோடு போட்ட வாளி வைக்க வேண்டும் என்று கேட்டாள். அவர் பேராச்சியைக் கூப்பிட்டு, “எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிருக்கலாம்லா?” என்றார்.

“மெஷினத் தொடாதன்னு சொன்னீங்க அண்ணாச்சி. வாளியத்தான் தொட்டேன்.”

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சம்மதித்தார்.

முதல் இரண்டு நாளும் மற்ற இரண்டு மாடிகளிலும் தண்ணீர்ச் செலவு இறங்கியது. மூன்றாம் நாள் விடாமல் சாரல். வெயிலே இல்லை. கோட்டைத் தாண்டியும் வெந்நீர் வராமல் 204-இல் இருந்தவர் பேராச்சியைச் சத்தம் போட்டார். பேராச்சி வாடிய முகத்துடன் இறங்கி வந்தார்.

“சாரல் அடிச்சா என் கோடு பொய் சொல்லிருது மேடம்.”

“அதைத்தான் சென்சார் சொல்லணும்க்கா,” என்றாள் ஸ்மிருதி. “குழாய்ல தண்ணி எவ்வளவு சூடுன்னு அதுக்குத் தெரியும். நாங்கதான் அதைக் கேக்காம லிட்டரைக் கேட்டோம்.”

இருவரும் வரவேற்பறை மேசையில் பழைய விருந்தினர் படிவத்தின் பின்பக்கத்தில் வரைந்தார்கள். குழாயைத் திறக்க, எண்ணெய்க் கையாலும் தள்ளக்கூடிய ஒரு நீளக் கைப்பிடி. குழாய்க்கு மேலே ஒரே ஒரு விளக்கு: நீலம் என்றால் வாளியில் பிடி, ஆரஞ்சு என்றால் குளி. சாரல் நாளில் வெந்நீரே வராது என்றால் விளக்கு எரியவே கூடாது என்றார் பேராச்சி. “இல்லாததுக்குக் காத்துக் கெடக்க வேண்டாம்லா.”

வெள்ளிக்கிழமை வீடியோ அழைப்பில் பேராச்சியும் உட்கார்ந்தார். சாய்கிருஷ்ணன் எல்லாவற்றையும் கேட்டுவிட்டுத் தயக்கமாகக் கேட்டார்: “அப்போ நம்பர் எதுவுமே வேண்டாமா?”

“நம்பர வச்சு அவங்க என்ன செய்வாங்க சார்? குளிக்கதுக்குல்லா வந்திருக்காங்க.”

சாய்கிருஷ்ணன் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார். பிறகு அவர் படத்தைக் காட்டச் சொன்னார். ஸ்மிருதி காகிதத்தைக் கேமரா முன் பிடித்தாள், விளக்கியது பேராச்சி. அறிக்கையின் முதல் பக்கத்தில் ஆய்வு செய்தவர்கள் என்று இரண்டு பெயர்கள் போயின.

அக்டோபரில் புதுக் கைப்பிடிகளும் விளக்குகளும் வந்து பொருத்தப்பட்டன. சில குழந்தைகள் நீல விளக்கைப் பார்ப்பதற்காகவே குழாயைத் திறந்தார்கள். அதை இன்னும் சரிசெய்ய வேண்டியிருந்தது. ஆனாலும் ஒரு குளியலுக்குச் செலவான தண்ணீர் மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தது. லிங்கேஸ்வரன் தன் வீட்டுக்கும் ஒன்று வேண்டும் என்றார்.

அடுத்த ஆய்வு புளியறையில், கேரளா போகும் லாரிக்காரர்கள் தங்கிக் குளிக்கும் ஓர் இடத்தில். ஸ்மிருதி சாய்கிருஷ்ணனிடம் பேசி, பேராச்சியைப் பத்து நாளுக்குச் சம்பளத்துடன் ஆய்வுக்கு எடுத்துக்கொண்டாள். லிங்கேஸ்வரன் முனகிக்கொண்டே லீவு கொடுத்தார்.

செங்கோட்டையில் பஸ் மாறிப் புளியறையில் போய் இறங்கினார்கள். ஸ்மிருதி பையிலிருந்து பதினான்கு கேள்விகள் அச்சிட்ட தாளை எடுப்பதற்குள் பேராச்சி சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அங்கிருந்த குளியல் கொட்டகைக்குப் பின்னால் போய்விட்டார். தொட்டி, குழாய், ஈரத் தரை எல்லாவற்றையும் சுற்றிவந்தார். முகம் கழுவிக்கொண்டிருந்த டிரைவர் நிமிர்ந்து, “என்னம்மா பாக்குதீங்க?” என்றார்.

“நீங்க எப்பிடிக் குளிக்கீங்கன்னு கேட்டுட்டுப் போலாம்னு வந்தோம் அண்ணாச்சி. இந்த ரப்பர் ஓஸ எதுக்கு இங்கன கட்டி வச்சிருக்கீங்க?”

“அதுவா,” என்று டிரைவர் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு உற்சாகமாக ஓஸை அவிழ்க்கத் தொடங்கினார். ஸ்மிருதி தாளை மடித்துப் பையில் வைத்துவிட்டு அருகில் போய் நின்றாள்.