சூலத்தடிச் சுருட்டு

“கேஸ் அடுப்புல பொங்குனா முனியாண்டி வேணாம்னு எழுந்து போயிருவாரா?”

“அவரு போக மாட்டாரு. ஜனம்தான் போகும். மூணு கல்லு வச்சு, விறகு வச்சுப் பொங்கணும் தம்பி. லோரி மேல சிலிண்டர வச்சுப் பொங்குறதுக்கு நான் ஃபிளாட்லயே பொங்கிட்டு டப்பாவுல கொண்டாந்துருவேன் லா.”

“பொங்கி வழியணும், அவ்வளவுதானே. கேஸ்லயும் வழியும்கா.”

உஷாராணி சிரித்துவிட்டாள். சிரித்ததும் தான் தோற்றுவிட்டது அவளுக்குத் தெரிந்தது. அவள் தம்பி புனிதனுக்கும் தெரிந்தது. அவன் தேநீரைக் குடித்தான்.

புனிதன் காப்புக்காட்டில் தீத்தடுப்பு ரோந்து வேலை செய்கிறான். அந்தக் காட்டில் தரையென்று எதுவும் கிடையாது. பல ஆயிரம் வருடங்களாக விழுந்த இலைகளும் மரங்களும் தண்ணீரில் ஊறி, பாதி மக்கி, ஒன்றின்மேல் ஒன்றாகக் கிடக்கின்றன. மலாய்க்காரர்கள் அதை காம்புட் என்பார்கள். ஈரமாக இருக்கும்வரை அது மண். மழை நின்று கால்வாய்களில் தண்ணீர் இறங்கிவிட்டால் அது விறகு. மேலே ஒன்றும் தெரியாமல் அடியிலேயே எரிந்து எங்கேயோ போய்ப் புகையும்.

முனியாண்டி கோயில் அந்தக் காட்டின் ஓரத்தில் இருந்தது. பழைய தோட்டம் விற்கப்பட்டு, தொழிலாளர்கள் குடியிருந்த லயங்கள் இடிக்கப்பட்டபோது, ஜனங்கள் கோலா சிலாங்கூர்ப் பக்கம் அடுக்குமாடி வீடுகளுக்குப் போனார்கள். எல்லையை மறுபடி அளந்ததில் கோயில் காட்டுக்குள் வந்துவிட்டது. ஒரு சிமெண்டு மேடை, ஒரு சூலம், மேலே தகரக் கூரை. அதை எடுக்காமல் விட்டதற்கு வனத்துறை ஒரே ஒரு நிபந்தனை போட்டது. தரையில் நெருப்பு வைக்கக் கூடாது. வைத்துத் தீப்பிடித்தால் கோயில் போய்விடும். நான் பார்த்துக்கொள்கிறேன் என்று வாக்குக் கொடுத்தவன் புனிதன்.

படையல் நாளில் அவன் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டான். பூசாரி ரெங்கசாமி மணல் லோரி ஓட்டுகிறவர். அவருடைய லோரியின் மேலேயே பொங்கல் பொங்கியது. வழியவும் செய்தது. குலவை போட்டார்கள். ஊதுபத்திகளை மணல் நிரப்பிய மைலோ டின்னில் செருகினார்கள். சூடத்தைத் தட்டில் ஏற்றினார்கள், தட்டு யார் கையையும் விட்டுக் கீழே இறங்கவில்லை. புகைபிடிக்க வந்தவர்களைப் புனிதன் தார்ச்சாலைவரை நடக்க வைத்தான்.

“என்னடா, கோயிலா, பெட்ரோல் ஸ்டேஷனா?” என்று ஒருவர் கேட்டார்.

பிறகு ரெங்கசாமிக்கு அருள் வந்தது. உஷாராணி சாராயப் போத்தலையும் சுருட்டையும் நீட்டினாள். சுருட்டுக் கட்டைக் கோலா சிலாங்கூர்க் கடையில் வாங்கி வந்தது புனிதன்தான், மைலோ டின்னுக்கு மணல் அள்ளிய அதே காலையில். ரெங்கசாமி நான்கு இழுப்பு இழுத்தார், குறி சொன்னார், சுருட்டைச் சூலத்தின் அடியில் நட்டார். சூலம் மண்ணில்தான் நிற்க வேண்டும் என்பதால் அதைச் சுற்றி ஒரு சாண் அகலத்துக்குச் சிமெண்டு பூசாமல் விட்டிருந்தார்கள். நட்ட சுருட்டை யாரும் தொடுவதில்லை. சாமி பிடித்து முடிக்க வேண்டும். சாம்பல் உதிராமல் நின்றால் அந்த வருடம் நல்ல வருடம்.

சாம்பல் நின்றது. புனிதனும் அதைப் பார்த்து மகிழ்ந்தான். அதை நெருப்பு என்று யாரும் நினைக்கவில்லை. வெற்றிலை போல, கோழி போல அதுவும் படையல்.

அடுத்த வாரம் ரோந்து மோட்டார் சைக்கிளில் பின்னால் உட்கார்ந்திருந்த, கூட வேலை செய்யும் இஸ்கந்தர் புனிதனின் தோளைத் தட்டினான்.

“மச்சான், உங்க சாமி இன்னும் சுருட்ட முடிக்கல போல.”

தகரக் கூரைக்கு அடியிலிருந்து நூல் போல ஒரு புகை போய்க்கொண்டிருந்தது. காற்று இல்லாததால் அது நேராக நின்றது. இறங்கிப் போய் மேடையில் கை வைத்தார்கள். வெயிலில் கிடந்த சிமெண்டின் சூடு இல்லை அது. உள்ளேயிருந்து வரும் சூடு, காய்ச்சல்காரனின் நெற்றி போல. சூலத்தைச் சுற்றியிருந்த மண் கறுத்து உள்வாங்கியிருந்தது. இஸ்கந்தர் ஒரு குச்சியை விட்டான். குச்சி தடையில்லாமல் இறங்கியது. எடுத்தபோது நுனி சிவந்திருந்தது.

“கற்பூரத்தப் பாத்த, ஊதுபத்தியப் பாத்த. இத எப்படிடா விட்ட?”

“நெருப்புன்னு தோணல பாய்.”

இஸ்கந்தர் அதற்கு மேல் கேலி செய்யவில்லை. பம்ப்பை வரவழைத்தார்கள். கால்வாயில் கலங்கிய தண்ணீர் கொஞ்சம் இருந்தது. ஓட்டைக்குள் பீய்ச்சியபோது நீராவி சீறியது, நின்றது, சற்று நேரத்தில் மேடையின் பின்பக்க வெடிப்பில் புகை வந்தது. மழைக்கும் வெயிலுக்கும் போட்ட மேடை இப்போது தண்ணீர் உள்ளே போகாமல் நெருப்பைக் காத்துக்கொண்டிருந்தது. மேடைக்குப் பின்னால், முன்பு எரிந்துபோன இடத்தில் நட்டு வளர்த்த மஹாங் மரங்கள் நின்றன. அவற்றில் முதல் வரிசை மரம் ஒன்று, இலைகள் பச்சையாக இருக்கும்போதே, யாரோ கையைப் பிடித்துப் படுக்க வைப்பதுபோல மெதுவாகச் சாய்ந்தது. வேர்களை அடியில் நெருப்பு தின்றிருந்தது.

செய்ய வேண்டியது எல்லாருக்கும் தெரியும். மேடையை உடைத்து, ஈர மண் வரும்வரை தோண்டி, குழியைத் தண்ணீரால் நிரப்ப வேண்டும். மறுநாள் காலையில் மண்தோண்டி இயந்திரம் வந்தது. இந்தோனேசிய ஓட்டுநர் சூலத்தைப் பார்த்ததும் இயந்திரத்தை நிறுத்திவிட்டு இறங்கினான். மேடையை உடைக்கிறேன், அதை நான் தொட மாட்டேன், உங்கள் ஆள் யாராவது எடுத்துக் கொடுங்கள் என்றான். இஸ்கந்தர் புனிதனைப் பார்த்தான். புனிதன் தன் கைகளைப் பார்த்தான்.

ரெங்கசாமி லோரியில் வந்தார். உஷாராணியும் கூட வந்திருந்தாள். செருப்பைக் கழற்றிவிட்டு மேடைமேல் கால் வைத்தவள், சூட்டில் பின்வாங்கினாள்.

“எடுத்தா மறுபடி நட விடுவாங்களான்னு கேட்டியா?”

“கேட்டேன்கா.”

“என்ன சொன்னாங்க?”

“அணையட்டும், பிறகு பாக்கலாம்னாங்க.”

“பிறகுன்னா இல்லன்னுதான் அர்த்தம். லயம் இடிக்கிறப்பவும் பிறகுன்னுதான் சொன்னாங்க.” அவள் குரல் உயரவில்லை. “பூசாரியண்ணே, இன்னும் ரெண்டு நாள் தண்ணி அடிச்சுப் பாக்கச் சொல்லுங்க. மழ வந்தாலும் வரும்.”

ரெங்கசாமி வானத்தைப் பார்க்கவில்லை. சாய்ந்து கிடந்த மரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதன் பக்கத்து மரமும் நேராக இல்லை. அவர் சட்டைப் பையில் சிகரெட் பெட்டி இருந்தது. கை தானாக அதற்குப் போய், பாதியில் நின்றது.

“நான்தானே நட்டேன்,” என்றார்.

“நான்தானே வாங்கிட்டு வந்தேன்,” என்றான் புனிதன்.

தூரத்தில் ஓட்டுநர் கைப்பேசியில் ஏதோ பார்த்துக்கொண்டு காத்திருந்தான். புகை இப்போது மூன்று இடங்களில் வந்தது. சூலத்தில் குத்தியிருந்த எலுமிச்சம்பழம் ஒன்று வெந்து சுருங்கிக் கீழே விழுந்து, ஓட்டைக்குள் உருண்டு மறைந்தது. உஷாராணி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

புனிதன் ஒரு கோணிச் சாக்கைக் கால்வாய்த் தண்ணீரில் நனைத்து, பிழியாமல் எடுத்து வந்தான். சூலம் சுடும். சாக்கை இரண்டு கைகளாலும் ரெங்கசாமியிடம் நீட்டினான்.

“அண்ணே, நீங்களே எடுத்துக் குடுத்துருங்கண்ணே.”