இடது கன்னம்

மூன்றாவது நெகட்டிவையும் விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்துவிட்டு ஸ்டுடியோக்காரர் கீழே வைத்தார். இறந்துபோன அக்காவின் உடலை மாலை நாலு மணிக்கு எடுக்கிறார்கள். அதற்குள் தலைமாட்டில் வைக்க ஒரு படம் வேண்டும். காலையிலேயே ஒன்றைச் சட்டம் போட்டுக் கொண்டுபோனார். அக்கா மகள் அதை வாங்கிப் பார்த்துவிட்டு அவர் கையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

"நல்லாத்தான் இருக்கு மாமா. ஆனா இது எங்கம்மா இல்ல. தழும்போட ஒண்ணு கொண்டு வாங்க."

அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. முப்பத்தைந்து வருடத் தொழிலில் தழும்பை எடுத்துவிடுங்கள் என்று வந்தவர்கள்தான் உண்டு. வேண்டும் என்று கேட்டு ஒருவரும் வந்ததில்லை.

அந்தத் தழும்பு அவர் போட்டது. எட்டு வயதில், என்னவோ கோபத்தில், டப்பா மூடியை வீசினார். அது அக்காவின் இடது கன்னத்தைக் கிழித்துவிட்டது. தானே விழுந்துவிட்டதாக அக்கா வீட்டில் சொன்னாள். அதற்குப் பிறகு இருவரும் அதைப் பற்றிப் பேசவே இல்லை. காமிரா கைக்கு வந்ததும் அவர் தன்னால் முடிந்ததைச் செய்தார். அக்காவைப் படம் எடுக்கும்போதெல்லாம் லென்சுக்கு முன்னால் வாஸ்லின் தடவிய கண்ணாடியை வைப்பார்; முகம் பூசினாற்போல மென்மையாக விழும். அப்படியும் மனசு கேட்காமல், பிரிண்ட் போடும்போது அந்தக் கன்னம் விழும் ஓரத்தை வெட்டிவிடுவார். கல்யாணப் படத்தில் அந்த வெட்டில் மாப்பிள்ளையும் பாதி போய்விட்டார். மச்சான் தன்னைக் கல்யாணத்துக்கே கூப்பிடவில்லை என்று அத்தான் சாகும்வரை கிண்டல் செய்துகொண்டிருந்தார்.

வெட்டியதைச் சரிசெய்ய வழி உண்டு. நெகட்டிவில் முகம் முழுசாகவே இருக்கிறது. ஒன்றை வெட்டாமல் பிரிண்ட் போட்டார். இடது கன்னம் வந்தது. தழும்பு இருக்கவேண்டிய இடத்தில் வெள்ளையாக ஒரு புகை. எடுக்கும்போதே மங்கியது மங்கியதுதான், அதற்கு அவரிடம் மருந்து கிடையாது. ஈரம் காயாத படத்தோடு கிளம்பினார். காமிராவையும் தோளில் மாட்டிக்கொண்டார். அது எதற்கு என்று அவருக்கே தெரியவில்லை.

முன்னறையில், அக்காவின் வலது பக்கத்தில், வழக்கமாக உட்காரும் பக்கத்திலேயே போய் உட்கார்ந்தார். அக்கா மகள் படத்தை வாங்கி, புகை விழுந்த இடத்தில் விரலை வைத்தாள்.

"அம்மாவுக்குச் சங்கடமா இருக்குமேன்னுதான்மா அப்படி எடுத்தேன்" என்றார்.

அவள் அவரையே பார்த்தாள்.

"அம்மாவுக்கா? நீங்க வர்ற அன்னிக்கு மட்டும்தான் மாமா அம்மா அந்தப் பக்கம் திரும்பி உக்காருவாங்க. ஏம்மான்னு கேட்டா, இதப் பார்த்தா தம்பிக்குச் சோறு இறங்காதுடின்னு சொல்வாங்க."

அக்காவுக்காக அவர் மறைத்தார். அவருக்காக அக்கா திரும்பிக்கொண்டாள். அப்படியானால் இத்தனை வருடம் அந்தக் கண்ணாடி யாருக்காக? எங்கே தொடங்கி யோசிப்பது என்றே பிடிபடவில்லை. அக்காவிடம் கேட்கலாம் என்று ஒரு நொடி நினைத்துவிட்டு, எதிரே கிடப்பவளைப் பார்த்தார்.

அக்கா மகள் நாற்காலியை இடது பக்கம் நகர்த்திப் போட்டாள். அவர் எழுந்துபோய் அதில் உட்கார்ந்தார்.

தழும்பு ஒரு விரல்நகம் அளவு கூட இல்லை. காதிலிருந்து தாடைவரை நீளமான ஒன்று இருக்கும் என்றுதான் அவர் நினைத்திருந்தார். அதற்காகத்தான் அவ்வளவையும் வெட்டினார். குனிந்து, வேறெங்காவது இருக்கிறதா என்று தேடினார்.

"இவ்வளவுதானா?"

"இவ்வளவுதான் மாமா. எப்பவுமே இவ்வளவுதான்."

காமிராவைத் தோளிலிருந்து இறக்கினார். இனி எடுக்கும் படம் நாலு மணிக்குள் தயாராகாது. அது இருவருக்கும் தெரியும். வந்திருந்தவர்கள் பேச்சை நிறுத்தினார்கள். முகத்தைக் கொஞ்சம் இந்தப் பக்கம் திருப்பலாமா என்று அவர் கேட்டார்.

அவள் இரண்டு கைகளாலும் அம்மாவின் தலையை அவர் பக்கம் திருப்பி வைத்தாள். பிறகு ஜன்னலுக்குப் போய்த் திரையை முழுசாக விலக்கினாள்.