வலது கதவில் ஒரு நட்டு

1958-ஆம் ஆண்டு செப்டம்பர் பதினெட்டாம் தேதி வியாழக்கிழமை காலை ஏழு மணி ஐந்து நிமிடத்துக்கு, காஷிமிர் நோவிக்கின் வீட்டுமுன் நின்றிருந்த போன வருடத்துக் கார் இந்த வருடத்துக் கார் ஆனது. அன்று எங்கள் ஊரில் முட்டை டஜன் ஐம்பத்தெட்டு சென்ட். ஆற்றில் தண்ணீர் குறைவு. கார்ட்ரைட் கார் கம்பெனியின் புது மாடல்கள் கடைக் கண்ணாடிக்குப் பின்னால் பழுப்புக் காகிதம் ஒட்டி மறைக்கப்பட்டிருந்தன. அந்தக் காகிதத்தைக் கிழிக்கும் நாளுக்கு மிச்சிகனில் கிறிஸ்துமஸுக்கு அடுத்த மரியாதை. பத்து மணிக்குக் கிழிப்பதாக இருந்தார்கள். காஷிமிரின் ஸ்டார்லிங் கார் மூன்று மணி நேரம் முந்திக்கொண்டது. பின்பக்கத்தில் மீன் துடுப்பு மாதிரி நிமிர்ந்த தகடுகள் ஐந்து அங்குலம் வளர்ந்திருந்தன, முன்விளக்குகள் புருவம் உயர்த்தியிருந்தன. நம்பர் பலகை மட்டும் அதேதான். பின்சீட்டில் கடுகுச் சாஸ் சிந்திய கறையும் அதேதான். வலது கதவைச் சாத்தும்போது உள்ளே கேட்கும் டக் டக் என்ற சத்தமும் அதேதான்.

அந்தச் சத்தத்தின் கதையைச் சொல்லாமல் மேலே போக முடியாது. எங்கள் மாநிலத்தில் நவம்பர் பதினைந்து மான் வேட்டை தொடங்கும் நாள். அன்று பாதித் தொழிற்சாலைக்கு ஒரே நேரத்தில் முதுகுவலி வரும். அதற்கான மருந்து வடக்கே காட்டுக்குள் இருக்கும். 1957-இல் வலி கொஞ்சம் அதிகமாகப் பரவிவிட்டதால், மேஸ்திரி, அலுவலகத்துக் குமாஸ்தாக்களைக் கூட்டிவந்து கையில் ஸ்பானரைக் கொடுத்து வரிசையில் நிறுத்தினார். அன்று இறங்கிய கார்களில் ஒன்றுக்கு ஸ்டீயரிங் இல்லை, இன்னொன்றுக்கு இரண்டு இருந்தது. வேலைக்கு வந்த பழைய ஆட்களில் இரண்டு பேர் கதவு மாட்டுகிறவர்கள். இடது கதவு காஷிமிர். மானின் கண்ணைப் பார்த்துவிட்டால் துப்பாக்கியைக் கீழே போட்டுவிடும் ஜாதி. வலது கதவு டெல்பர்ட் ஹக்கின்ஸ்; ஆர்கன்சாவிலிருந்து வந்தவன், துப்பாக்கியைச் சீட்டாட்டத்தில் மச்சானிடம் தோற்றிருந்தான். நான்கு வருடமாக இருவருக்கும் நடுவில் எப்போதும் ஒரு கார் நின்றது. ஒருவன் முகத்தை இன்னொருவன் கார் ஜன்னல் வழியாகப் பார்த்தே பழகியவர்கள். லிண்டன் தெருவில் வீடுகளும் எதிரெதிர்தான்.

அன்று மத்தியானம் இரண்டரை மணிக்கு இளம்பச்சையும் வெள்ளையுமாக ஒரு ஸ்டார்லிங் வரிசையில் நகர்ந்து வந்தது. குமாஸ்தாக்கள் பயத்தில் ஒவ்வொரு திருகாணியையும் இரண்டு முறை முடுக்கியிருந்ததால் அதில் ஒரு குறையும் இல்லை. அப்படி ஒரு காரைக் கம்பெனி அதற்குமுன் செய்ததில்லை, பின்பும் செய்யவில்லை. டெல்பர்ட்டுக்கு வயிறு எரிந்தது. ஏரிக்கரையில் இருக்கும் ஏதோ ஒரு பல் டாக்டர் இதை ஓட்டிக்கொண்டு போவான் என்று நினைத்தான். கதவுக்காரர்கள் வயிறு எரிந்தால் செய்கிற காரியத்தைச் செய்தான்: ஒரு நட்டை நூலில் கோத்து, கதவுக்குள்ளே தொங்கவிட்டு, கூடவே ஒரு துண்டுச் சீட்டையும் கட்டி, உள்தகட்டை மூடினான். ஆயுள் முழுக்க டக் டக் என்று கேட்கும். பல் டாக்டர் பல்லைக் கடிப்பான். சீட்டில் எழுதியிருந்தது: "கடைசியில கண்டுபிடிச்சிட்டியா, பணக்காரப் பயலே."

அடுத்த சனிக்கிழமை, தொழிலாளர் சலுகை விலையில் அந்தக் காரை வாங்கி ஓட்டிவந்தவன் காஷிமிர்.

டெல்பர்ட் திரைச்சீலையை விலக்கியபடி அப்படியே நின்றான். காபி ஆறுகிறது என்று அவன் மனைவி ஆர்டித் இரண்டு முறை சொன்னாள். மூன்றாவது முறை அவளே குடித்துவிட்டாள்.

கார் மாறியதற்கு ஊரில் யாரும் அதிகம் அலட்டிக்கொள்ளவில்லை. வருடாவருடம் மாடல் மாற்றுவதே கம்பெனியின் மதம். பக்தி முற்றிய ஒரு கார் தானே மாறிக்கொண்டால் அதில் என்ன இருக்கிறது என்று விட்டுவிட்டோம். 1959-இலும் மாறியது, 1960-இலும் மாறியது. துடுப்புகள் வளர்ந்தன, பிறகு வெட்கப்பட்டுச் சுருங்கின. 1962-இல் தலைமை அலுவலகத்திலிருந்து நான்கு பொறியாளர்கள் வந்து மூன்று நாள் தங்கி அளந்தார்கள். காஷிமிரின் மனைவி வாண்டா செய்த முட்டைக்கோஸ் உருண்டைகளை நன்றாகச் சாப்பிட்டார்கள். "விற்பனைப் பிரிவின் தவறு" என்று அறிக்கை எழுதினார்கள். போகும்போது, செப்டம்பர் மாதத்தில் மட்டும் காரை ஷெட்டுக்குள் வைத்தால் கம்பெனி நன்றியோடு இருக்கும் என்று காஷிமிரின் காதோடு சொல்லிவிட்டுப் போனார்கள். காஷிமிரிடம் ஷெட் இல்லை.

டெல்பர்ட் இரண்டு வருடத்துக்கு ஒரு முறை புதுக் கார் வாங்கினான். காகிதம் கிழிக்கும் நாளில் கடைவாசலில் முதல் ஆளாக நின்று வாங்கினாலும், எதிர்வீட்டுக்கு அது மூன்று மணி நேரம் முன்பே வந்திருக்கும். தன் காரையும் மாறவைக்கப் பார்த்தான். பாப்டிஸ்டாக இருந்தும் கத்தோலிக்கப் பாதிரியாரிடம் புனித நீர் கேட்டுவாங்கித் தெளித்தான். காரின் பானெட்டில் கை வைத்து ஜெபித்தான். ஒரு செப்டம்பர் முழுக்க அதற்குப் பாட்டுப் பாடினான். அந்த மாதம் தெருவில் இரண்டு பேர் வீட்டைக் காலி செய்தார்கள்.

"அவனுக்கு மட்டும் ஏன்?" என்பான் மனைவியிடம். "நானும்தானே கதவு மாட்டினேன்? பாதிக் கார் என்னுது."

"அப்ப பாதிய அறுத்துக் கொண்டுவந்து நம்ம வாசல்ல போடு," என்பாள் ஆர்டித். "வலது பக்கம் முழுக்க உனக்கு. நான் மட்டும் எங்க உக்காருறதாம், மடியிலயா?"

விஷயம் 1966-இல் வெளிப்பட்டது. டெல்பர்ட்டின் அம்மா ஆர்கன்சாவில் இறந்துபோக, அவன் செப்டம்பர் முழுக்க அங்கே இருந்தான். காகிதம் கிழிக்கும் நாள் வந்தது, போனது. ஸ்டார்லிங் அப்படியே நின்றது. வாண்டா அதற்குச் சளி பிடித்துவிட்டதோ என்று போர்வை போர்த்தினாள். அக்டோபர் நான்காம் தேதி டெல்பர்ட் ஊர் திரும்பினான். மறுநாள் காலை ஏழு மணி ஐந்து நிமிடத்துக்குக் கண்ணைக் கசக்கிக்கொண்டு திரைச்சீலையை விலக்கினான். போர்வைக்கு அடியில் கார் புது மாடலாக மாறுவதை வாசலில் பால் எடுக்க வந்த வாண்டா பார்த்தாள். நிமிர்ந்து எதிர் ஜன்னலையும் பார்த்தாள். பாலைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போய்க் கணவனிடம் சொன்னாள், "நம்ம காரு பெட்ரோல்ல ஓடலை. எதிர்வீட்டுக்காரன் வயித்தெரிச்சல்ல ஓடுது."

கண் பட்டால் பொருள் கெட்டுப்போகும் என்றுதான் உலகம் நினைக்கிறது. எங்கள் ஊரில் கண் பட்டு ஒரு கார் செழித்தது. செய்தி பரவியதும் நாங்கள் எல்லோரும் டெல்பர்ட்டின் பார்வை படும்படி எதையாவது கொண்டுபோய் வைத்தோம்: புல்வெட்டும் இயந்திரம், குளிர்பதனப் பெட்டி. ஒருவர் வழுக்கைத் தலையைக் காட்டிக்கொண்டு நின்றார். ஒன்றும் நடக்கவில்லை. அவன் பொறாமை அந்த ஒரு காருக்கு மட்டும் உரியது, வேறு எதற்கும் பங்கு தராது. நாங்களே பொறாமைப்பட்டும் பார்த்தோம். எங்கள் பொறாமை தெருவில் இருக்கிற எல்லாவற்றின் மீதும் கொஞ்சம் கொஞ்சமாகச் சிதறிக் கிடந்ததால் ஒரு சைக்கிள் மணிகூட மெருகேறவில்லை.

அதன்பின் காஷிமிர் டெல்பர்ட்டின் பொறாமையைப் பயிர் மாதிரி பார்த்துக்கொண்டான். அவனுக்குக் காய்ச்சல் என்றால் சூப் போனது. செப்டம்பர் வந்தால் எதிர் ஜன்னலுக்கு நேராக, வெயில் விழும்படி காரைத் திருப்பி நிறுத்துவான். போதாதென்று காலையில் துணியால் துடைத்தபடி குரல் கொடுப்பான்.

"என்ன டெல்பர்ட், ராத்திரி தூக்கம் வந்துச்சா?"

"உன் கதவு சத்தத்துல எப்படிடா வரும்? டக்கு டக்குன்னு. ஓட்டைக் காரு."

"வலது கதவுதான். யாரு மாட்டினானோ, தெரியலை."

டெல்பர்ட் ஜன்னலைச் சாத்திக்கொள்வான். சீட்டைப் பற்றிச் சொல்லிவிடலாம் என்று எத்தனையோ முறை தெருவில் பாதி தூரம் வந்திருக்கிறான். நண்பனைப் பார்த்துப் பணக்காரப் பயலே என்று எழுதியதை எப்படிச் சொல்வது? பாதியிலேயே திரும்பிவிடுவான். தெருவில் அவன் திரும்புகிற இடத்தில் தார் கொஞ்சம் தேய்ந்திருந்தது.

எழுபதுகளில் பெட்ரோல் தட்டுப்பாடும் பங்க் வாசலில் நீண்ட வரிசைகளும் வந்தன. ஸ்டார்லிங் ஒரே செப்டம்பரில் இரண்டடி சுருங்கியது. காஷிமிரின் முழங்கால் டாஷ்போர்டில் இடித்தது. கம்பெனி எப்படியோ காரும் அப்படி. 1975-இல் மாறிய அன்றே துருப்பிடித்தது. 1980-இல் கைப்பிடி கையோடு வந்தது. நாடு முழுக்க எங்கள் கார்களைப் பற்றி நகைச்சுவைகள் கிளம்பின. அவற்றை நாங்களே வெளியூர்க்காரர்களைவிட நன்றாகச் சொன்னோம். ஆனால் வெளியூர்க்காரன் சொன்னால் சட்டைக்காலரைப் பிடித்தோம். ஜப்பான் காரில் வேலைக்கு வருகிறவன் தொழிற்சாலை வேலிக்கு வெளியே, வாத்துகள் மேயும் இடத்தில் நிறுத்திவிட்டு அரை மைல் நடக்க வேண்டும் என்று பலகை வைத்தார்கள். டெல்பர்ட்டின் மகனே ஒன்று வாங்கினான். ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்கு வரும்போது அதை மூன்று தெரு தள்ளி, சவ அடக்க நிலையத்தின் பின்னால் நிறுத்திவிட்டு மழையில் நனைந்து வருவான்.

தொண்ணூறுகளுக்குள் ஸ்டார்லிங் என்றால் வாடகைக் கார் என்றாகிவிட்டது. விமான நிலையத்தில் வேறு எதுவும் மிச்சமில்லை என்றால் தருவார்கள். அப்போதும் ஒவ்வொரு செப்டம்பரும் டெல்பர்ட் திரைச்சீலையை விலக்கினான். அந்தச் சாம்பல் நிற டப்பாவைப் பார்த்து அவனுக்கு வயிறு எரிந்தது. கார்ட்ரைட் ஸ்டார்லிங்கைப் பார்த்துப் பொறாமைப்பட்ட கடைசி மனிதன் அமெரிக்காவில் அவன்தான். கம்பெனி விளம்பரத்துக்குக் கொட்டிய கோடிக்கணக்கான டாலரில் உண்மையாகப் பலித்தது லிண்டன் தெருவின் ஒரு ஜன்னல் மட்டுமே. 1993-இல் வாண்டா இறந்தாள். அவளை அடக்கம் செய்ய, அந்தக் காரின் பின்னால்தான் எல்லோரும் கல்லறைக்குப் போனோம். 1999-இல் தொழிற்சாலையை மூடினார்கள். வேலியும் பலகையும் போனபின் வாத்துகள் உள்ளே வந்தன.

2004 ஜூனில் கம்பெனி, இனி ஸ்டார்லிங் செய்வதில்லை என்று செய்தித்தாளில் நான்கு வரி போட்டது. அதே வாரம் காஷிமிரின் கண்ணைச் சோதித்தவர்கள் ஓட்டுநர் உரிமத்தை வாங்கி வைத்துக்கொண்டார்கள். அவனுக்கு வயது எண்பது. ஒரு மத்தியானம் அவன் சாவியை எடுத்துக்கொண்டு, ஒரு கையால் காற்றைத் துழாவியபடி தெருவைக் கடந்தான். தார் தேய்ந்த இடத்தைத் தாண்டி டெல்பர்ட்டின் வாசற்படியில் வந்து நின்றான்.

"இந்தா. இனிமே உனக்குத்தான்."

டெல்பர்ட் கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டான். "வேண்டாம்டா."

"நாப்பத்தேழு வருஷமாக் கேட்ட?"

"எப்பக் கேட்டேன்?"

"வாயால கேக்கலை."

டெல்பர்ட் வாசற்படியில் உட்கார்ந்தான். அந்தச் சாவியை வாங்கினால் நாளைக் காலை எழுந்து எதைப் பார்ப்பது என்று அவனுக்குத் தெரியவில்லை. வாங்காவிட்டால் கார் பழைய இரும்புக் கடைக்குப் போகும். வாயைத் திறந்தபோது வேறு பேச்சு வந்தது.

"காஷ், வலது கதவுல இருக்குற சத்தம்... அது நான்தான்."

"தெரியும்."

"எப்பத்துல இருந்து?"

"வாங்கின மொத வாரமே தகட்டைக் கழட்டிட்டேன். உன் கையெழுத்து எனக்குத் தெரியாதா? லீவு சீட்டு எத்தனை எழுதி எங்கிட்டக் குடுத்தனுப்பியிருக்க, முதுகுவலின்னு."

"அப்புறம் ஏண்டா எடுத்துப் போடலை?"

காஷிமிர் படியைத் துழாவி அவன் பக்கத்தில் உட்கார்ந்தான். "எங்கப்பா நிலக்கரி அள்ளினாரு. நான் கதவு மாட்டினேன். எங்க வம்சத்துலயே ஒருத்தனையும் எவனும் பணக்காரன்னு சொன்னதில்லை. நீ எழுத்துல குடுத்திருக்க. அதைப் போய்த் தூக்கிப் போடுவாங்களா? அப்படியே கட்டி வச்சிட்டேன். ஒவ்வொரு தடவையும் கதவைச் சாத்துறப்ப டக்கு டக்குன்னு சொல்லும்."

உள்ளே ஆர்டித் குழாயை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தாள். டெல்பர்ட் சாவிக்குக் கையை நீட்டினான்.

கார் தெருவின் இந்தப் பக்கத்துக்கு வந்தது. கோடை முழுக்க டெல்பர்ட் அதைத் துடைத்தான்; துடைக்கத் துடைக்க அது வெறும் காராக இருந்தது. சொந்தப் பொருளைப் பார்த்து வயிறு எரிவதில்லை என்பதை எழுபத்தெட்டு வயதில் கற்றுக்கொண்டான். செப்டம்பர் வந்தபோது யாரும் எதையும் எதிர்பார்க்கவில்லை. மாறுவதற்கு மாடலும் இல்லை, மாற்றுவதற்குப் பொறாமையும் இல்லை.

பதினெட்டாம் தேதி காலை டெல்பர்ட்டும் ஆர்டித்தும் ஏரிக்குப் போகக் கிளம்பினார்கள். ஆர்டித் மடியில் செர்ரிப் பழம் வைத்துச் சுட்ட பலகாரம். ஏதோ சொல்லிச் சிரித்தாள், டெல்பர்ட்டும் சிரித்தான். எதிர் ஜன்னலில் காஷிமிர் நின்றிருந்தான். கண்ணாடிக்கு அப்பால் அவனுக்குப் பச்சையாகவோ சாம்பலாகவோ ஒரு கறைதான் தெரிந்திருக்கும். ஆனால் அந்தச் சிரிப்பு கேட்டது, வலது கதவு சாத்தப்பட்டதும் கேட்டது. வலது பக்கம், ஓட்டுகிறவனுக்கு அடுத்த சீட், வாண்டா உட்காருகிற இடம். எண்பது வருடத்தில் யாரையும் பார்த்துப் பொறாமைப்படாத காஷிமிர் நோவிக்குக்கு வயிற்றுக்குள் ஏதோ சூடாகப் புரண்டது. அல்சர் என்று நினைத்து அவன் பால் குடிக்கப் போனான். அப்போது மணி ஏழு ஐந்து. தெருவில் கார் மாறியது: கம்பெனி எந்த வருடமும் செய்யாத, வரைந்தும் பார்க்காத ஒரு ஸ்டார்லிங். இளம்பச்சையும் வெள்ளையும். துடுப்புகள் அளவாக இருந்தன. பின்சீட்டில் கடுகுச் சாஸ் கறை இருந்தது.

டெல்பர்ட் எஞ்சினை நிறுத்திவிட்டு இறங்கி, எதிர்வீட்டுக் கதவைத் தட்டினான். "வாடா, பின்னால உக்காரு. பொறாமைப்படுறதுக்கு அங்கிருந்து இன்னும் நல்லாத் தெரியும்."

மூவரும் ஏரிக்குப் போனார்கள். திங்கட்கிழமை காரைத் தன் பெயருக்கு மாற்ற டெல்பர்ட் வண்டிப் பதிவு அலுவலகத்துக்குப் போனபோது, ஜன்னலில் இருந்த பெண் காரை எட்டிப் பார்த்துவிட்டு எந்த வருட மாடல் என்று கேட்டாள். இந்த வருடம் என்றான். அவள் அப்படியே எழுதி முத்திரை குத்தி, அடுத்தவரைக் கூப்பிட்டாள். அன்று முட்டை டஜன் ஒரு டாலர் இருபது சென்ட்.